ஆகஸ்ட் முகாமுக்கு ஐஸ் தொட்டி: கல்லூரி அணியில் ஹீட் ஸ்ட்ரோக்கைக் கையாளும் முறை

அமெரிக்கக் கல்லூரிகளில் அத்லெடிக் ட்ரெய்னர் என்றால் ஜிம்மில் எடை தூக்கச் சொல்லித்தருபவர் அல்ல. முதுநிலைப் பட்டம், சான்றிதழ் தேர்வு, பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் என்று எல்லாம் முடித்து வரும் மருத்துவப் பணியாளர். ஆண்டு முழுக்க கணுக்காலுக்கு டேப் சுற்றும் வேலைதான் அதிகம். ஆகஸ்டில் அமெரிக்கன் ஃபுட்பால் முகாம் தொடங்கியதும் கவனம் ஹீட் ஸ்ட்ரோக் பக்கம், அதாவது உடல் அளவுக்கு மீறிச் சூடேறி மூளை தடுமாறும் உயிராபத்து நிலையின் பக்கம், திரும்பிவிட வேண்டும். 130 கிலோ ஆள், தலைக்கவசம், தோள்கவசம், காலடியில் கொதிக்கும் செயற்கைப் புல். விழுந்த அரை மணி நேரத்துக்குள் ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் வைத்து உடல் வெப்பத்தை இறக்கிவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். ஆகவே தேவையான எல்லாம் பயிற்சி தொடங்கும் முன்பே மைதானத்தில் இருக்க வேண்டும்.

தொட்டிக்குப் பெரிய செலவில்லை. மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் பிளாஸ்டிக் தொட்டி, 380 முதல் 570 லிட்டர் கொள்ளளவில், பண்ணைப் பொருள் கடைகளில் கிடைக்கும். நிழலில், ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் இடத்துக்கு அருகே வையுங்கள். பாதி அளவு தண்ணீர் நிரப்பி, பக்கத்தில் மூன்று நான்கு பெட்டி நிறைய ஐஸ் வையுங்கள். முன்கூட்டியே ஐஸைக் கொட்டிவிட்டால் தேவைப்படும் நேரத்தில் உருகிப்போயிருக்கும். படுக்கை விரிப்பு இரண்டு, துண்டுகள், கனமான கத்தரிக்கோல், வளையும் கம்பியுள்ள ஆசனவாய் வெப்பமானி ஆகியவையும் அங்கேயே இருக்கட்டும். வாய், காது, நெற்றி, அக்குள் வெப்பமானிகள் உள்வெப்பத்தைக் குறைத்துக் காட்டுபவை. அந்த எண்ணை நம்பி 'சாதாரணக் களைப்புதான்' என்று உட்கார வைத்துவிடுவார்கள். ஆசனவாய் அளவீட்டை முகாமின் முதல் நாளிலேயே வீரர்களிடம் சொல்லி, விரிப்பால் மறைத்துத்தான் செய்வோம் என்றும் விளக்கிவிடுங்கள்.

வெப்பத்தை மைதானத்திலேயே அளந்துபாருங்கள். வானிலைச் செயலி காட்டுவது வேறெங்கோ இருக்கும் நிலையத்தின் கணக்கு. கையடக்க டபிள்யூ.பி.ஜி.டி. கருவி ஈரப்பதத்தோடு கூடிய வெப்பத்துக்கு 70%, வெயிலின் கதிர்வீச்சுக்கு 20%, காற்றின் வெப்பத்துக்கு 10% என்று எடைபோட்டு ஒரே எண்ணாகத் தரும். தென் மாநிலங்களுக்கான வழிகாட்டுதலில் அது 33.4 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வெளிப்பயிற்சியே கிடையாது. முதல் இரண்டு நாள் தலைக்கவசம் மட்டும், பிறகு தோள்கவசம், கடைசியில் முழுக்கவசம் என்ற வரிசையைக் கோச் அவசரப்படுத்தினாலும் மாற்றாதீர்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்துபோன ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் தண்ணீர், சில மணி நேரத்தில் மெல்ல மெல்லக் குடிக்க வேண்டும். பயிற்சி முடிந்து எடை கூடியிருந்தால் அதுவும் ஆபத்துதான்: அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து உடலில் சோடியம் நீர்த்திருக்கலாம்.

அடையாளம் காண்பதில்தான் அதிகம் தவறுகிறார்கள். தோல் வறண்டிருந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்பது பழைய பாடம். ஓடி விழுபவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கும். தள்ளாட்டம், சம்பந்தமில்லாத பேச்சு, காரணமில்லாத கோபம் ஆகியவற்றோடு உள்வெப்பம் 40.5 டிகிரிக்கு மேல் இருந்தால் சந்தேகமே வேண்டாம். சிலர் விழுந்த பின் கொஞ்ச நேரம் தெளிவாகப் பேசுவார்கள். அதைக் கண்டு ஏமாறாதீர்கள். ஓட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கால்கள் வலுவிழந்து சரிந்து, உடல் வெப்பமும் அவ்வளவாக இல்லையென்றால் சிக்கிள் செல் பண்பை (கடும் உழைப்பில் ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவத்துக்கு மாறக்கூடிய மரபுக்கூறு) நினையுங்கள். அவருக்கு ஆக்சிஜனும் ஆம்புலன்ஸும்தான் வேண்டும், தொட்டி அல்ல.

ஹீட் ஸ்ட்ரோக்தான் என்றால் ஒருவர் அவசர உதவி எண் 911-ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் கவசத்தைக் கழற்றுங்கள், வராவிட்டால் வெட்டுங்கள், அதற்கும் நேரமாகும் என்றால் தொட்டிக்குள் வைத்தே கழற்றுங்கள். வெப்பமானியை 15 செ.மீ. உள்ளே செலுத்தி அப்படியே விட்டுவிடுங்கள். கழுத்துவரை நீரில் இறக்கி, விரிப்பை இரு அக்குளுக்கும் கீழே கொடுத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டால் தலை மூழ்காது. ஐஸ் முழுவதையும் கொட்டி, நீர் 15 டிகிரிக்குக் கீழே இருக்கும்படி வைத்து, ஒருவர் விடாமல் கலக்க வேண்டும். கலக்காவிட்டால் உடலை ஒட்டிய நீர் வெதுவெதுப்பாகிக் குளிர்ச்சியைத் தடுத்துவிடும். நிமிடத்துக்குச் சுமார் 0.2 டிகிரி இறங்கும். 42-லிருந்து 39-க்கு வரக் கால் மணி நேரம் ஆகும். 38.9 வந்ததும் வெளியே எடுங்கள், அதற்குப் பிறகும் விட்டால் உடல் தேவைக்குமேல் குளிர்ந்துவிடும். தொட்டி இல்லாத மைதானத்தில் தார்ப்பாயின் நான்கு பக்கமும் ஆட்கள் தூக்கிப் பிடிக்க, நடுவில் அவரைக் கிடத்தி ஐஸும் நூறு லிட்டர் தண்ணீரும் ஊற்றி ஆட்டலாம்.

ஆம்புலன்ஸ் வந்ததும் சிக்கல் வரும், அவர்கள் உடனே ஏற்றிக்கொண்டு போகப் பார்ப்பார்கள். முதலில் குளிர்விப்பு, பிறகுதான் பயணம். இதை ஜூலையிலேயே அவர்களோடும் அணி மருத்துவரோடும் பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள். 2018 மே மாதம் மேரிலாண்ட் பல்கலைக்கழக ஓட்டப் பயிற்சியில் சுருண்ட 19 வயது ஜோர்டன் மெக்நேர் ஜூன் 13-இல் இறந்தார். உள்வெப்பம் அளக்கப்படவில்லை, குளிர்நீரில் இறக்கவும் இல்லை என்று பின்னர் நடந்த விசாரணை சொன்னது.

பிழைத்தவர் மறுநாளே ஓடத் துடிப்பார். குறைந்தது ஒரு வாரம் முழு ஓய்வு, கல்லீரல், சிறுநீரக ரத்தப் பரிசோதனைகள் சரியான பிறகு மருத்துவரின் கையெழுத்து, அதன்பின் வெப்பத்தில் படிப்படியாகப் பயிற்சி. தொட்டியைப் பிளீச் போட்டுக் கழுவி, ஐஸ் பெட்டிகளை மறுபடி நிரப்பும்வரை மாலைப் பயிற்சியைத் தொடங்க விடாதீர்கள்.