சர்வரில் போர்ட் திறப்பது: நான் செய்யும் வரிசை

"போர்ட்டைத் திறந்துட்டேன், ஆனா சைட் வரலை" என்று யாராவது போனில் கூப்பிட்டால், நான் ஃபயர்வாலைப் (எந்த இணைப்பை விடலாம், எதை மறிக்கலாம் என்று பார்க்கும் காவலைப்) பற்றி முதலில் கேட்பதில்லை. "அந்தப் போர்ட்டில் ஏதாவது ப்ரோக்ராம் உட்கார்ந்திருக்கிறதா?" என்றுதான் கேட்பேன். போர்ட் என்பது ஒரு மெஷினில் ஒவ்வொரு சர்வீஸும் இணைப்புக்குப் பயன்படுத்தும் எண்தான்; திறந்த போர்ட் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. ஏதோ ஒரு ப்ரோக்ராம் அந்த எண்ணில் காது கொடுத்துக் காத்திருக்க வேண்டும். நடுவில் யாரும் மறிக்காமல் இருக்க வேண்டும். முதலாவது இல்லாமல் இரண்டாவதை எத்தனை முறை சரிசெய்தாலும் பயனில்லை.

ஆகவே லினக்ஸ் சர்வரில் முதல் கமாண்ட் இது. கமாண்டுகளைப் போனில் வாசித்துக் காட்டும் ஒலியிலேயே எழுதுகிறேன். 'பெரிய' என்று நான் சொல்லாத எழுத்தையெல்லாம் சின்ன எழுத்தாகவே தட்டுங்கள்.

சூடோ எஸ்எஸ் -டிஎல்என்பி

சூடோ என்றால் நிர்வாகி அனுமதியோடு ஓட்டு; எஸ்எஸ் என்பது இணைப்புகளைப் பட்டியலிடும் கருவி. டி என்றால் டிசிபி (இணைப்பு ஏற்படுத்திப் பேசும் முறை), எல் என்றால் காத்திருப்பவை மட்டும், என் என்றால் பெயர் வேண்டாம், எண்ணாகவே காட்டு, பி என்றால் எந்த ப்ராசஸ் என்று சொல். யூடிபி (இணைப்பு ஏற்படுத்தாமலேயே அனுப்பும் முறை) பார்க்க வேண்டுமானால் டி இருக்கும் இடத்தில் யூ. வரும் பட்டியலில் போர்ட் எண்ணைவிட அதற்கு முன்னால் இருக்கும் முகவரிதான் முக்கியம். 127.0.0.1:3000 என்று இருந்தால், அந்த ப்ரோக்ராம் அதே மெஷினுக்குள்ளிருந்து வருபவர்களோடு மட்டும்தான் பேசும். ஃபயர்வாலை முழுக்கக் கழற்றி வைத்தாலும் வெளியிலிருந்து அதைத் தொட முடியாது. 0.0.0.0:3000 என்று இருந்தால், மெஷினில் உள்ள எல்லா ஐபிவி4 முகவரிகளிலும் கேட்கிறது என்று பொருள். [::] என்று இரட்டை முக்காற்புள்ளி வந்தால் அது ஐபிவி6 (புது வகை முகவரி) மட்டும். முகவரி இடத்தில் * வந்தால் ஐபிவி6-ஓடு ஐபிவி4 இணைப்பையும் அதுவே வாங்கிக்கொள்ளும்.

இந்த இடத்தில் பலரும் 127.0.0.1 என்பதை 0.0.0.0 என்று மாற்றி, 3000-ஐ உலகத்துக்கே திறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அப்ளிகேஷன் உள்ளேயே இருக்கட்டும். முன்னால் என்ஜின்எக்ஸ் போன்ற வெப் சர்வர் ப்ரோக்ராம் ஒன்றை 80, 443-ல் நிறுத்தி, அது உள்ளே அனுப்பட்டும். சாதாரண வெப் சர்வருக்கு வெளியே தெரிய வேண்டியவை 22 (எஸ்எஸ்எச், தூரத்திலிருந்து லாகின் செய்யும் வழி), 80, 443 (வெப்) மட்டுமே. மைஎஸ்க்யூஎல்லின் 3306, போஸ்ட்கிரஸின் 5432, ரெடிஸின் 6379 ஆகிய டேட்டாபேஸ் போர்ட்களை இணையத்துக்குத் திறக்க எனக்கு இதுவரை நியாயமான காரணம் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. உங்கள் லேப்டாப்பிலிருந்து டேட்டாபேஸைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதானே? எஸ்எஸ்எச் வழியாகவே சுரங்கம் போடலாம் (எல் மட்டும் பெரிய எழுத்து):

எஸ்எஸ்எச் -எல் 5433:லோக்கல்ஹோஸ்ட்:5432 பயனர்@சர்வர்

இனி உங்கள் மெஷினில் 5433-ஐத் தொட்டால் அது சர்வரின் 5432. அங்கே புதிதாக எந்த வாசலும் திறக்கவில்லை.

இவ்வளவு பார்த்தபிறகும் திறந்தே ஆக வேண்டும் என்றால், அப்போது ஃபயர்வாலுக்கு வாருங்கள். உபுண்டுவில் அதற்கான கருவி யுஎஃப்டபிள்யூ. இதில் வரிசை தப்பினால் நாமே வெளியே நிற்போம். எனக்கு அது நடந்திருக்கிறது. ஒரு இரவு புது சர்வரில், எஸ்எஸ்எச்சுக்கு விதி எழுதாமலேயே எனேபிள் கொடுத்தேன். இருக்கும் எஸ்எஸ்எச் இணைப்பு பாதிக்கப்படலாம், தொடரவா என்று அது கேட்டது, ஒய் தட்டினேன். திறந்திருந்த விண்டோ வழக்கம்போல ஓடியது, அதனால் எல்லாம் சரி என்று நம்பி லேப்டாப்பை மூடினேன். ஏற்கெனவே நிலைத்துவிட்ட இணைப்பை ஃபயர்வால் பொதுவாக அறுப்பதில்லை. புதிதாக வருவதைத்தான் மறிக்கும். காலையில் உள்ளே போக முடியவில்லை. சர்வரை வாடகைக்குக் கொடுத்தவர்களின் வெப் கன்சோல் வழியாக நுழைந்துதான் சரிசெய்தேன். அன்றிலிருந்து வரிசை இதுதான்:

சூடோ யுஎஃப்டபிள்யூ டிஃபால்ட் டினை இன்கமிங்
சூடோ யுஎஃப்டபிள்யூ டிஃபால்ட் அலோ அவுட்கோயிங்
சூடோ யுஎஃப்டபிள்யூ அலோ 22/டிசிபி
சூடோ சிஸ்டம்டி-ரன் --ஆன்-ஆக்டிவ்=5எம் யுஎஃப்டபிள்யூ டிஸேபிள்
சூடோ யுஎஃப்டபிள்யூ எனேபிள்

நான்காவது வரிதான் என் உயிர்க்கயிறு. ஐந்து நிமிடத்தில் ஃபயர்வால் தானாகவே அணைந்துவிடும். என் இணைப்பு அறுந்தாலும் அந்த டைமர் ஓடும். அதற்குள் பழைய விண்டோவை மூடாமல், புது விண்டோவில் லாகின் செய்து பார்க்கிறேன். உள்ளே போனால், அந்தக் கமாண்ட் காட்டிய டைமர் பெயரைக் கொடுத்து சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் செய்துவிடுகிறேன். போகவில்லையென்றால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் கதவு திறந்திருக்கும்.

ஒரே முகவரியிலிருந்து மட்டும் வர வேண்டிய சர்வீஸ் என்றால் முழுசாகத் திறக்காதீர்கள்:

சூடோ யுஎஃப்டபிள்யூ அலோ ஃப்ரம் 203.0.113.7 டு எனி போர்ட் 8443 ப்ரோட்டோ டிசிபி

எஸ்எஸ்எச்சுக்கு அலோ என்பதற்குப் பதிலாக லிமிட் கொடுத்தால், ஒரே முகவரி 30 விநாடிக்குள் 6 முறையோ அதற்கு மேலோ இணைக்க முயன்றால் மறுத்துவிடும். 22-ஐ வேறு எண்ணுக்கு மாற்றலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். லாகில் குப்பை குறையும், பாதுகாப்பு பெரிதாக அதிகரிக்காது. பாஸ்வேர்ட் லாகினை நிறுத்திவிட்டுக் கீ (ரகசியக் கோப்பு) மட்டும் வைத்துக்கொள்வது அதைவிடப் பல மடங்கு மேல். அந்த 22-க்கு ஒரு கதை உண்டு, எனக்குப் பிடித்தது. 1995-ல் எஸ்எஸ்எச்சை உருவாக்கிய ஃபின்லாந்துக்காரர் டாட்டு யுலோனென், டெல்நெட் (தூர லாகின்), எஃப்டிபி (கோப்பு அனுப்புதல்) என்ற பழைய முறைகள் இரண்டுக்கும் மாற்றாக அது வர வேண்டும் என்று நினைத்தார். எஃப்டிபி 21, டெல்நெட் 23. நடுவில் 22 காலியாக இருந்தது. போர்ட் எண்களை ஒதுக்குபவர்களிடம் கேட்டார், கொடுத்துவிட்டார்கள்.

ரெட் ஹேட், ராக்கி, ஃபெடோரா என்ற லினக்ஸ் வகைகள் பக்கம் போனால் ஃபயர்வால் கருவி ஃபயர்வால்டி. அங்கே குழப்பம் பர்மனென்ட் என்ற சொல்லில். அதைச் சேர்க்காமல் கொடுத்த விதி உடனே வேலை செய்யும், ரீபூட்டில் காணாமல் போகும். சேர்த்துக் கொடுத்தால் கோப்பில் எழுதிக்கொள்ளும், ஆனால் ரீலோட் செய்யும்வரை நடைமுறைக்கு வராது. நான் முதலில் சேர்க்காமல் திறந்து, சோதித்து, திருப்தியானபின் சேமிக்கிறேன்:

சூடோ ஃபயர்வால்-சிஎம்டி --ஆட்-போர்ட்=8443/டிசிபி
சூடோ ஃபயர்வால்-சிஎம்டி --ரன்டைம்-டு-பர்மனென்ட்

அதே சிஸ்டங்களில் எஸ்இலினக்ஸும் (எந்த ப்ரோக்ராம் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் அமைப்பு) காவல் நிற்கும். என்ஜின்எக்ஸை 8090-ல் வைத்தால் "பெர்மிஷன் டினைட்" என்று ஸ்டார்ட் ஆகவே மறுக்கும். எஸ்இலினக்ஸை அணைக்காதீர்கள், அந்த எண் வெப்புக்கு உரியது என்று செமேனேஜ் போர்ட் கமாண்டில் ஒரு வரி சொன்னால் விட்டுவிடும்.

அடுத்தது டாக்கர், ப்ரோக்ராம்களைக் கண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி. அதன் அமைப்பை எழுதும் கம்போஸ் கோப்பில் போஸ்ட்கிரஸுக்கு "5432:5432" என்று எழுதி வைத்திருந்தேன். யுஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸில் 22, 80, 443 மட்டும்தான் இருந்தது. வெளியிலிருந்து தட்டிப் பார்த்தபோது 5432 பதில் சொன்னது, வயிறு கலங்கிவிட்டது. டாக்கர் போர்ட்டைப் பப்ளிஷ் செய்யும்போது ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் அடிப்படை ஃபயர்வால் விதிப்பட்டியலில்) தன் விதிகளை நேராகவே எழுதும். வரும் பாக்கெட்டைக் (தரவுத் துண்டைக்) கண்டெய்னரை நோக்கித் திருப்பிவிடுவதால், யுஎஃப்டபிள்யூ காவல் நிற்கும் வழியில் அது வருவதே இல்லை. மருந்து ஒரே வரி: "127.0.0.1:5432:5432" என்று எழுதுங்கள். ஒரு கண்டெய்னருக்கு இன்னொரு கண்டெய்னர் மட்டும்தான் தேவை என்றால் போர்ட்ஸ் பகுதியே வேண்டாம்; இரண்டும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் இருந்தால் போதும்.

கிளவுட் சர்வர் என்றால், மெஷினுக்கு வெளியே செக்யூரிட்டி குரூப் போல இன்னொரு வாசல் இருக்கும். உள்ளே எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் அங்கே போய்ப் பாருங்கள்.

இப்போது சோதனை. சர்வருக்குள்ளிருந்தே சோதிப்பது வீட்டுக்குள் நின்றுகொண்டு வாசல் பூட்டைப் பார்ப்பது போல. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து, வெளியிலிருந்து:

என்சி -விஇசட் சர்வர்முகவரி 8443

வரும் பதிலை நிதானமாகப் படியுங்கள், அதிலேயே பாதி விடை இருக்கிறது. "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்" என்று உடனே வந்தால், பாக்கெட் பெரும்பாலும் சர்வர்வரை போயிருக்கிறது. அங்கே அந்த எண்ணில் யாரும் இல்லை. ப்ரோக்ராமையும் அது கேட்கும் முகவரியையும் பாருங்கள். (ரிஜெக்ட் என்று அமைத்த ஃபயர்வாலும் இப்படி மறுக்கும்.) வெகுநேரம் தொங்கி "டைம்ட் அவுட்" என்று வந்தால், வழியில் யாரோ பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்குகிறார்கள்: ஃபயர்வால், அல்லது கிளவுட் வாசல். எது என்று தெரிய, பாக்கெட் வருவதைக் காட்டும் இந்தக் கமாண்டைச் சர்வரில்

சூடோ டிசிபிடம்ப் -என்ஐ எனி போர்ட் 8443

ஓடவிட்டு, வெளியிலிருந்து மறுபடி தட்டுங்கள். திரையில் வரி ஓடினால் பாக்கெட் வந்து சேர்கிறது, மறிப்பது உங்கள் ஃபயர்வால்தான். ஒன்றுமே ஓடவில்லையென்றால் அது சர்வர்வரை வரவே இல்லை. யூடிபிக்கு இந்த என்சி சோதனையை நம்பாதீர்கள். அதில் கைகுலுக்கல் கிடையாது, பதில் வராததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

திறந்ததைப் பராமரிப்பது பெரிய வேலையில்லை, மறக்காமல் இருந்தால் சரி. விதி எழுதும்போதே கடைசியில் கமென்ட் சேர்த்து யாருக்காக, எதற்காக என்று எழுதிவிடுங்கள். மாதம் ஒருமுறை எஸ்எஸ் பட்டியலையும் யுஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ் நம்பர்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். விதி இருந்து ப்ரோக்ராம் இல்லாத எண் இருந்தால் அந்த விதியை நீக்குகிறேன். நீக்கும்போது பட்டியலின் அடியிலிருந்து மேலே போங்கள்: 3-ஐ நீக்கிய உடனே பழைய 4 புது 3 ஆகிவிடும், மேலிருந்து வந்தால் தவறான விதியில் கை வைத்துவிடுவீர்கள். ஐபிவி6-க்கான இரட்டை விதியும் அதே பட்டியலில் கீழே தனி எண்ணில் இருக்கும். அதையும் சேர்த்து எடுங்கள்.