"நம்ம போனை யாரு கேக்கப் போறாங்க?" – அரசுக் கண்காணிப்பு பற்றி வழக்கமாகச் செய்யும் தவறுகள்

அரசு நம் போனை ஒட்டுக்கேட்கிறதா என்று வேலூர் டீக்கடையில் பேச்சு எழுந்தால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். "எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க, போன்ல எதுவும் பேசாதீங்க" என்பது ஒன்று. "நம்ம பேச்சைக் கேட்டு அவங்களுக்கு என்ன ஆகப்போகுது" என்பது இன்னொன்று. இரண்டிலும் ஒரு வசதி உண்டு, பேச்சு அதோடு முடிந்துவிடும். உத்தரவு போட்டது யார், எந்தச் சட்டப்படி, எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்பதில்லை.

சி.டி.ஆரையும் ஒட்டுக்கேட்பையும் ஒன்றாக நினைப்பது

பேச்சைக் கேட்பது வேறு, பேசிய பட்டியலை எடுப்பது வேறு. பட்டியலுக்குத்தான் சி.டி.ஆர். என்று பெயர். அதில் ஒரு சொல் பேச்சுகூட இருக்காது. எந்த எண், எத்தனை மணி, எத்தனை விநாடி, எந்த டவர், எந்த ஐ.எம்.இ.ஐ. (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) கொண்ட கருவி என்பது மட்டும் வரிசையாக இருக்கும். "அவ்வளவுதானா" என்று தோன்றும். ஒரு நாளை எடுத்துப் பாருங்கள். காலை 10 மணிக்கு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் டவர். பிற்பகல் ஒரு வக்கீல் எண்ணுக்கு மூன்று அழைப்பு. மாலை காட்பாடி டவர், ஒரு நிருபர் எண்ணுக்கு இருபது நிமிடம். இரவு ஒரு மணிக்கு ஒரே எண்ணுக்கு முக்கால் மணி நேரம். இந்த மனிதர் யார் மீது மனு கொடுத்தார், யாரிடம் ஆலோசனை கேட்டார், யாரிடம் செய்தி கொடுத்தார், அவருடைய வீட்டு விவகாரம் என்ன என்பதெல்லாம் பேச்சைக் கேட்காமலே ஓரளவு புரிந்துவிடும்.

பேச்சைக் கேட்க மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலாளரின் எழுத்துபூர்வ உத்தரவு வேண்டும். நெருக்கடி நேரத்தில் ஐ.ஜி. அந்தஸ்துள்ள அதிகாரி உத்தரவிடலாம், ஆனால் பிறகு ஒப்புதல் வாங்கியாக வேண்டும். ஒரு உத்தரவுக்கு 60 நாள் ஆயுள், நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளைத் தாண்டக்கூடாது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தில் இந்தக் கட்டுப்பாடுகள் கிடையாது. பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகு வந்தவை இவை. இப்போது 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் 2024 டிசம்பரில் வந்த விதிகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன.

சி.டி.ஆருக்கு இவ்வளவு பெரிய கதவு இல்லை, எஸ்.பி. மட்டத்திலேயே வேலை முடிந்துவிடும். அந்தக் கதவையும் சிலர் ஏமாற்றித் திறந்திருக்கிறார்கள். 2013இல், அப்போது மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜேட்லியின் அழைப்புப் பட்டியலே சட்டவிரோதமாக எடுக்கப்பட்டது வெளியே வந்தது. கைதானவர்களில் டெல்லி போலீஸ் கான்ஸ்டபிளும் தனியார் துப்பறிவாளர்களும் இருந்தார்கள். ஆகவே "போனை டேப் பண்ணிட்டாங்க" என்று யாராவது பதறினால், கேட்டார்களா, பட்டியல் எடுத்தார்களா என்று முதலில் விசாரியுங்கள். பட்டியல் என்றால் யார் கையெழுத்தில், எந்த வழக்குக்காக என்பதுதான் அடுத்த கேள்வி.

இங்கே நம் உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு லஞ்ச வழக்கில், 2011இல் மத்திய உள்துறை போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற இரண்டு காரணங்களுக்கு மட்டும்தான் சட்டம் இடம் கொடுக்கிறது, குற்றத்தைக் கண்டுபிடிக்க என்று சொல்லி ரகசியமாகக் கேட்க முடியாது என்றார். கேட்ட உரையாடல்களை, உத்தரவு சரியா என்று பார்க்கும் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்காததையும் சுட்டிக்காட்டினார். அதற்குச் சில நாள் முன்புதான் டெல்லி உயர் நீதிமன்றம் இன்னொரு ஊழல் வழக்கில் வேறு மாதிரி சொல்லியிருந்தது. அந்த மறுஆய்வுக் குழுவில் இருப்பவர்கள் மத்தியில் அமைச்சரவைச் செயலாளர், மாநிலத்தில் தலைமைச் செயலாளர், கூடவே மற்றச் செயலாளர்கள்தான். நீதிபதி ஒருவர்கூடக் கிடையாது. ஒரு செயலாளர் போட்ட உத்தரவைப் பக்கத்து அறைச் செயலாளர் சரிபார்க்கிறார்.

போராட்டத்தில் நின்றாலே பாஸ்போர்ட் போய்விடும் என்று பயப்படுவது

வட ஆர்க்காட்டில் இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு குறைவு. கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் ராணுவத்துக்குப் போவதுதான் கனவு. பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் வரும். "கூட்டத்துல நிக்காதடா, போட்டோ எடுக்கறாங்க" என்று அம்மா தடுப்பதில் ஆச்சரியமில்லை.

போட்டோ எடுப்பதும் உண்மைதான். எந்த ஆர்ப்பாட்டமானாலும் ஓரமாக மஃப்டியில் ஒருவர் செல்போனோடு நிற்பார், தனிப்பிரிவு ஏட்டு. எத்தனை பேர், யார் பேசினார்கள், என்ன கோஷம், எத்தனை மணிக்குக் கலைந்தார்கள் என்று குறிப்பு அனுப்புவது அவருடைய அன்றாட வேலை. மேடைக்காரர்களே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு டீ கொடுப்பதையும் பார்க்கலாம்.

அந்தக் குறிப்பில் இடம்பெறுவது வழக்கு ஆகாது. 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டம் தடையாகச் சொல்வது நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் குற்ற வழக்கை. அப்போதும் அந்த நீதிமன்றத்தின் அனுமதியோடு பாஸ்போர்ட் வாங்க வழி உண்டு. எஃப்.ஐ.ஆர். மட்டும் இருப்பது நிலுவை வழக்கு ஆகாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. சட்டவிரோதமாகக் கூடியதாக எஃப்.ஐ.ஆர். போட்டு, நாலு பேர் பெயரோடு "மற்றும் பலர்" என்று எழுதியிருப்பார்கள். "கட்சிக்காரங்க பாத்துக்குவாங்க" என்று பையன் மறந்துவிடுவான். அது குற்றப்பத்திரிகை வரை போயிருந்தால், சில வருடம் கழித்து விசா நேரத்தில் தலைகாட்டும். எஃப்.ஐ.ஆர். நகலை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டிருக்கிறது, தமிழ்நாடு காவல்துறை தளத்தில் தேடிப் பார்க்கலாம். நம் பெயர் இருக்கிறதா என்று தெரியாமல் பயந்துகொண்டிருக்க வேண்டாம். நூறு பேர் வர வேண்டிய கூட்டத்துக்கு இருபது பேர் வந்தால், ஒரு கைதுகூட இல்லாமல் அரசுக்கு வேலை முடிந்துவிடுகிறது.

நிறையப் பார்த்தால் பாதுகாப்பு கூடும் என்று நம்புவது

இதற்கு வேலூர்க் கோட்டையே போதும். திப்புவின் பிள்ளைகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கேதான் காவலில் வைத்திருந்தது, அவர்கள் மேல் எப்போதும் ஒரு கண் இருந்தது. 1806இல் சிப்பாய்கள் கொதித்தது வேறு காரணத்துக்காக. நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, புது மாதிரித் தலைப்பாகை வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. ஜூன் மாதமே முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் ஆங்கிலேய அதிகாரியிடம் போய், சதி நடக்கிறது என்று நேரடியாகச் சொன்னார். அதிகாரி அதை விசாரிக்கச் சொல்லி இந்திய அதிகாரிகளிடமே விட்டார். அவர்களிலும் சதியில் இருந்தவர்கள் உண்டு. முஸ்தபா பேக்குக்குப் பைத்தியம் என்று சொல்லி விலங்கு மாட்டினார்கள். ஜூலை 10 விடியற்காலையில் கோட்டை வெடித்தது. எல்லாம் முடிந்த பிறகு அவருக்குப் பரிசும் ஓய்வூதியமும் கொடுத்தார்கள். கவர்னர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள்.

அதே கோட்டையில் 1995இல், திப்பு மகாலில் அடைத்து வைத்திருந்த விடுதலைப் புலிகள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். நாள் முழுவதும் காவல் இருந்த இடம் அது. தகவல் குறைவு என்பதால் இரண்டு முறையும் கோட்டைவிடவில்லை. இன்றைக்கு லாங்கு பஜாரில் இன்னும் பத்து கேமரா மாட்டினால் போதும் என்கிறவர்கள், அந்தப் படத்தை யார் பார்க்கிறார், எத்தனை நாள் வைக்கிறார், வெளியே போனால் யார் பொறுப்பு என்றும் கேட்கலாமே? 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள்ளேயே யாரோ புகுந்து தகவலை எடுத்துவிட்டார்கள்.

"மறைக்க என்கிட்ட ஒண்ணுமில்ல" என்பது

குறவர் சமூகத்திடம் மறைக்க என்ன இருந்தது? 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. அந்தச் சாதியில் பிறந்ததே காரணம், செய்த குற்றம் எதுவும் தேவையில்லை. கைரேகை பதிய வேண்டும், ஊரை விட்டுப் போனால் சொல்ல வேண்டும். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. நாடு முழுவதும் நீங்க 1952 ஆனது. சட்டம் போனாலும், திருட்டு நடந்தால் முதலில் யார் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது என்பதை நம் மாவட்டங்களில் கேட்டுப் பாருங்கள். யார் சந்தேகத்துக்குரியவர் என்று தீர்மானிப்பவர், நம்மிடம் மறைக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தீர்மானிப்பதில்லை.

"அவங்க ஆட்சியிலதான் இப்படி" என்பது

கட்சி பார்த்துக் கோபப்படுவது ரொம்பப் பழைய தவறு. ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் 1988இல் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார், அவர் ஜனதா. 1991 மார்ச் 6 அன்று பிரதமர் சந்திரசேகர் ராஜினாமா செய்தார், ராஜீவ் காந்தி வீட்டருகே ஹரியானா போலீஸ்காரர்கள் வேவு பார்த்ததாகச் சொல்லி, அவருக்கு ஆதரவு கொடுத்துவந்த காங்கிரஸ் முறுக்கிக்கொண்டதுதான் காரணம். தமிழ்நாட்டில் 2008இல், லஞ்ச ஒழிப்புத்துறைத் தலைவரோடு பேசிய தொலைபேசி உரையாடல் வெளியாகி தி.மு.க. அமைச்சர் பூங்கோதை பதவி விலகினார். தெலங்கானாவில் 2023இல் ஆட்சி மாறியது. அடுத்த மார்ச்சிலேயே பழைய உளவுப் பிரிவு அதிகாரிகள் ஒட்டுக்கேட்பு வழக்கில் கைதானார்கள்.

போனுக்குள்ளேயே புகுந்து வேவு பார்க்கும் பெகாசஸ் என்ற மென்பொருளின் விவகாரம் இதிலிருந்து கொஞ்சம் மாறுபட்டது. 2021 ஜூலையில் செய்தி வெடித்தது. உச்ச நீதிமன்றக் குழு 29 போன்களை ஆராய்ந்தது. ஐந்தில் ஏதோ தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதாக 2022 ஆகஸ்டில் நீதிமன்றமே தெரிவித்தது. யார் பதவியும் போகவில்லை. பழைய ஒட்டுக்கேட்பில் வயர் இருந்தது, கோப்பு இருந்தது, என்றைக்காவது ஒரு ஏட்டு வாய் திறப்பார். இதில் அப்படி ஒரு சாட்சி கிடைப்பதே கஷ்டம். ஆகவே ஓட்டு கேட்டு வருகிறவரிடம் "முன்னால் இருந்தவர் செய்தாரா" என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. "உத்தரவுக்கு முன்னால் ஒரு நீதிபதி கையெழுத்து வேண்டும் என்று சட்டம் கொண்டுவருவீர்களா" என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சை மாற்றுவார்.

கடைசியாக இரண்டு சின்ன விஷயம்

சி.எம்.சி. மருத்துவமனை பக்கம் லாட்ஜில் தங்கினால் ஆதார் ஜெராக்ஸ் கேட்பார்கள். அது கவுண்ட்டருக்கு அடியில் அட்டைப்பெட்டியில் குவிந்து கிடக்கும். கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை இணையத்தில் இறக்கிக் கொடுக்கலாம், ஓட்டுநர் உரிமத்தையும் கொடுக்கலாம்.

அப்புறம், "அவங்களுக்கு எல்லாமே தெரியும்" என்ற நம்பிக்கையை மூலதனமாக வைத்து ஒரு கும்பல் பிழைக்கிறது. வீடியோ காலில் காக்கிச்சட்டையோடு வந்து, உங்கள் ஆதார் எண்ணைச் சரியாகச் சொல்லி, "டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், கேமராவை விட்டு நகராதீர்கள்" என்பார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. போனை வைத்துவிட்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். பணம் போய்விட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் கூப்பிடுங்கள், வங்கிக் கணக்கை முடக்க முதல் சில மணி நேரம்தான் கைகொடுக்கும்.