ஜோஸ்கான் பெயர் போட்டிருந்தால் போதுமா?

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால இசையமைப்பாளர் ஜோஸ்கான் தே ப்ரே 1521 ஆகஸ்ட் 27 அன்று கோந்தே என்ற ஊரில் காலமானார். அவர் பெயரில் உலவும் பாடல்கள் பெருகியதோ அதற்குப் பிறகுதான். 1540இல் கியோர்க் ஃபோர்ஸ்டர் என்ற தொகுப்பாசிரியர் தன் மோட்டெட் (பல குரல்களில் பாடும் லத்தீன் சமயப் பாடல்) தொகுப்பின் முன்னுரையிலேயே இதைக் கிண்டலாகப் பதிவு செய்தார்: உயிரோடு இருந்ததைவிட இறந்த பிறகுதான் ஜோஸ்கான் அதிகம் இயற்றுகிறார் என்று பெரிய மனிதர் ஒருவர் சொன்னாராம்.

இப்போது 300க்கும் மேற்பட்ட ஆக்கங்கள் அவர் பெயரில் கிடக்கின்றன. இவற்றைப் பட்டியலிட உட்காருபவர் முதலில் சறுக்குவது, தாளின் தலையில் உள்ள பெயரை அப்படியே நம்புவதில்தான். அந்தப் பெயரை எழுதியவர் ஜோஸ்கான் அல்லர். ஒரு படியெடுப்பாளரோ, சரக்கு விற்க வேண்டிய பதிப்பாளரோ எழுதியது. 'அப்சலோன் ஃபிலி மி' என்ற மோட்டெட் நல்ல உதாரணம். பழைய கையெழுத்துப் பிரதியில் பெயரே இல்லை. 1540இல் ஜெர்மனியின் அவுக்ஸ்பர்கில் அச்சானபோதுதான் ஜோஸ்கான் பெயர் ஏறியது. அது அதே காலத்து இசையமைப்பாளர் பியேர் தே லா ரூவின் ஆக்கமாக இருக்கலாம் என்று இன்று பலர் கருதுகிறார்கள்.

சரி, அவர் இறந்த பிறகு அச்சானதையெல்லாம் கழித்துவிடலாமா? அதுவும் தவறு. 1539இல் நியூரம்பர்க் அச்சகங்களிலிருந்து ஜோஸ்கான் பெயரோடு வந்த இரண்டு மாஸ்களை (கத்தோலிக்கத் திருப்பலிக்கான இசை) எடுத்துக்கொள்ளுங்கள். 'தா பாச்செம்' மாஸ் உண்மையில் நோயல் போல்தவைன் என்ற இன்னொரு இசையமைப்பாளருடையது என்று பிறகு தெரிந்தது. 'பாஞ்சே லிங்குவா' மாஸ் ஜோஸ்கானுடையதே. அவர் காலத்தை ஒட்டிய கையெழுத்துப் பிரதிகளே அதற்குச் சாட்சி. ஆகவே ஒவ்வொரு மூலத்தையும் அதன் ஊர், ஆண்டு, அதில் உள்ள பெயர் ஆகியவற்றோடு தனித்தனியாகக் குறிக்க வேண்டும். சந்தேகமானதை அழிக்காமல், 'ஐயத்துக்குரியவை' என்ற தனிப் பகுதியில் வைப்பதே முறை.

நம் கீர்த்தனைகளில் முத்திரை வருவதுபோல இங்கேயும் இருந்தால் எவ்வளவு வசதி என்று தோன்றும். ஒரே ஒரு இடத்தில் கிட்டத்தட்ட அப்படி இருக்கிறது: 'இல்லிபாத்தா தேயி விர்கோ' மோட்டெட்டில் வரிகளின் முதலெழுத்துகளைக் கோத்தால் அவர் பெயர் வருகிறது. மற்றவற்றுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

பெயர் ஒன்றாக இருப்பதால் ஆளும் ஒன்றாகிவிடாது. மிலான் பேராலயத்தில் 1459 முதல் பாடிய ஜோஸ்கான் என்ற பாடகரும் இவர்தான் என்று நம்பி, இவர் பிறப்பை 1440 வாக்கில் வைத்திருந்தார்கள். அந்தப் பாடகர் வேறு ஆள் என்பது 1990களில்தான் தெளிவானது. பிறப்பு 1450களுக்கு நகர்ந்தது. அதை நம்பிப் போட்ட காலவரிசையும் ஆட்டம் கண்டது.

அச்சான ஆண்டை இயற்றிய ஆண்டாகப் போடுவது இன்னொரு வழக்கமான பிழை. 'ஆவே மரியா... விர்கோ செரேனா' 1502இல் வெனிஸில் பெத்ரூச்சி என்ற பதிப்பாளர் வெளியிட்ட தொகுப்பின் முதல் பாடல். ஆனால் மியூனிக்கில் உள்ள ஒரு பிரதியை அதற்குப் பல ஆண்டுகள் முந்தியது என்று வைக்கிறார்கள். அந்தப் பிரதியை முதலில் தாளின் நீர்க்குறியை (வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் தயாரிப்பாளர் அடையாளம்) கொண்டு 1476 என்றார்கள், பின்னால் 1480களின் நடுப்பகுதி என்று திருத்தினார்கள். இப்படிப்பட்ட இடத்தில் 'இந்த ஆண்டுக்கு முன்' என்று எழுதுவதுதான் நேர்மை.

தலைப்பை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். 'லோம் ஆர்மே' மாஸ் அவருக்கே இரண்டு உண்டு; பெத்ரூச்சியின் 1502 மாஸ் புத்தகத்தில் இரண்டுமே இருக்கின்றன. தொடக்கச் சுரங்களையும் சேர்ந்து ஒலிக்கும் குரல்களின் எண்ணிக்கையையும் சேர்த்துக் குறித்தால் குழப்பம் வராது. அவர் ஆக்கங்களின் ஆய்வுப் பதிப்பான 'புதிய ஜோஸ்கான் பதிப்பின்' எண்ணையும் போடுங்கள், 23.6 என்றால் 23ஆம் தொகுதியின் 6ஆவது ஆக்கம். ஒவ்வொரு குரலுக்கும் தனிப் புத்தகமாக வந்தவற்றில் ஒரு புத்தகம் தொலைந்திருந்தால், ஐந்து குரல் ஆக்கத்தை நான்கு குரல் என்று எழுதிவிடும் ஆபத்தும் உண்டு.

அப்புறம், இரண்டு பகுதி மோட்டெட்டைப் பிரித்து இரண்டு எண் கொடுப்பதும் பிழைதான். படியெடுத்தவர்கள் சில சமயம் ஒரு பகுதியை மட்டும் எழுதி வைத்தார்கள் என்பதால் இது எளிதில் நடக்கும். 'பாத்தர் நோஸ்தர்', அதைத் தொடரும் 'ஆவே மரியா' இரண்டும் ஒரே ஆக்கம். ஊர்வலங்கள் தன் வீட்டைக் கடக்கும்போது அவற்றைப் பாட வேண்டும் என்று கோந்தேயில் ஜோஸ்கான் பணம் ஒதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்.