விண்வெளியில் இரண்டு அறைகளைச் சேர்த்துப் பூட்டுவது எப்படி

சர்வதேச விண்வெளி நிலையத்தை யாரும் தரையில் முழுசாகக் கட்டி மேலே தூக்கிக்கொண்டு போகவில்லை. துண்டு துண்டாக அனுப்பி, அங்கே வைத்துத்தான் பூட்டினார்கள். முதல் பூட்டைப் போட்டவர்கள் 1998 டிசம்பரில் எண்டெவர் என்ற அமெரிக்க விண்வெளி ஓடத்தில், அதாவது ஷட்டிலில், போன ஆறு பேர். எஸ்டிஎஸ்-88 என்று அந்தப் பயணத்துக்குப் பெயர். அதே வேலை உங்கள் கைக்கு வந்தால் எப்படிச் செய்வீர்கள்? அவர்கள் செய்த வரிசையிலேயே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலையில் பாதி சூட்சுமம் வரிசையில்தான் இருக்கிறது.

முதலில் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ரஷ்யாவில் செய்த சார்யா என்ற அறை, நவம்பர் 20ஆம் தேதியே பைக்கனூரிலிருந்து புரோட்டான் ராக்கெட்டில் போய் மேலே தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்குச் சூரியத் தகடு, பேட்டரி, எஞ்சின் எல்லாம் உண்டு. நீங்கள் கொண்டுபோகும் யூனிட்டியோ பதினோரு டன்னுக்கு மேல் எடையுள்ள, ஆறு பக்கமும் வாசல் வைத்த ஒரு அறை. சார்யாவிலிருந்து கேபிள் வந்தால்தான் அதற்கு உயிர்.

கிளம்பும் நேரத்தை நீங்கள் முடிவு செய்ய முடியாது. சார்யா சுற்றும் தளத்துக்கு நேர் கீழே ஃபுளோரிடா ஏவுதளம் வரும் அந்தச் சில நிமிடங்களில் கிளம்ப வேண்டும், விட்டால் மறுநாள்தான். டிசம்பர் 3 அன்று கடைசி நேரத்தில் எச்சரிக்கை மணி அடித்தது, பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிவதற்குள் நேரம் போய்விட்டது. பேசாமல் நிறுத்திவிட்டு 4ஆம் தேதி அதிகாலை கிளம்பினார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மேலே போன மறுநாள், சார்யாவை நெருங்குவதற்கு முன்பே யூனிட்டியை எழுப்பி நிறுத்திவிட வேண்டும். சரக்கு அறையில் படுத்திருக்கும் அதை நான்சி கரி எந்திரக் கையால் தூக்கி, ஷட்டிலின் இணைப்பு வளையத்துக்கு நேர் மேலே, சில அங்குலம் இடைவெளி விட்டுப் பிடித்தார். அந்தக் கையால் கீழே அழுத்தாதீர்கள், அது நகர்த்துவதற்கான கை. தளர்த்திவிட்டு, ஷட்டிலின் சின்ன எஞ்சின்களை ஒரு கணம் இயக்கினால் ஷட்டிலே போய்ப் பொருந்திக்கொள்ளும்.

அடுத்ததுதான் எனக்கு எப்போது படித்தாலும் மூச்சு நிற்கிற இடம். கமாண்டர் ராபர்ட் கபானா ஷட்டிலை சார்யாவுக்குச் சுமார் மூன்று மீட்டர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த, நான்சி எந்திரக் கையால் சார்யாவைப் பிடிக்க வேண்டும். அதன் எடை பத்தொன்பது டன்னுக்கு மேல். அதுவரை அந்தக் கை அவ்வளவு கனமான எதையும் நகர்த்தியதில்லை. அதுவும் பரவாயில்லை, யூனிட்டி குறுக்கே நிற்பதால் இரண்டும் சேருகிற இடம் ஜன்னலில் தெரியாது! கேமரா படத்தையும், இரண்டு அறைகளின் மேலும் ஒட்டிய கறுப்பு வெள்ளைப் புள்ளிகளை வைத்து கோணத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் கருவியையும் நம்பித்தான் இறக்க வேண்டும். அப்படி இறக்கிப் பிடித்த பிறகும் வளையங்கள் முதலில் இறுகவில்லை. அந்த இடத்தில் இன்னும் இழுத்துப் பிடிக்கத்தான் நமக்குத் தோன்றும், அவர்கள் எந்திரக் கையின் பிடியை விட்டார்கள். சார்யா தானாக நேராகி, பூட்டும் விழுந்தது. இறுகவில்லை என்றால் முதலில் உங்கள் பிடியைச் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் வெளியே போகும் வேலை. அதற்கு அவசரமாகக் கிளம்பக் கூடாது. விண்வெளி உடுப்புக்குள் இருக்கும் அழுத்தம் ஷட்டிலின் அறையில் வழக்கமாக இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, அதனால் ரத்தத்தில் உள்ள நைட்ரஜன் குமிழாகிவிடாமல் இருக்க முன்கூட்டியே அறையின் அழுத்தத்தைக் குறைத்து, சுத்த ஆக்ஸிஜனையும் சுவாசித்துத் தயாராக வேண்டும். கைகளைப் பழக்குவது அதைவிடக் கஷ்டம். கையுறைக்குள் காற்று அடைத்திருப்பதால் ஒவ்வொரு முறை விரலை மடக்கும்போதும் ஒரு பந்தை அமுக்குவது போல இருக்கும். வீட்டிலேயே தடிமனான கையுறை இரண்டு ஜோடியை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஒரு நட்டை போல்ட்டில் மாட்டிப் பாருங்கள், பத்து நிமிடத்தில் முழங்கை வரை வலிக்கும். ஜெர்ரி ராஸும் ஜேம்ஸ் நியூமனும் முதல் நாள் 7 மணி 21 நிமிடம் வெளியே இருந்து நாற்பது கேபிள்களையும் கனெக்டர்களையும் மாட்டினார்கள். எல்லாம் மாட்டி முடித்த பிறகுதான் தரையிலிருந்து மின்சாரத்தைத் திறந்தார்கள், யூனிட்டி விழித்தது.

எதையும் கட்டாமல் கையில் வைத்திருக்காதீர்கள், உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இவ்வளவு கவனமானவர்களிடமிருந்தே அந்தப் பயணத்தில் சில சாமான்கள் நழுவி மிதந்து போயின. நீளமான ஒரு கோலும் எடுத்துப்போங்கள். சார்யாவில் விரியாமல் மாட்டிக்கொண்ட இரண்டு ஆண்டெனாக்களை அவர்கள் கோலால் தட்டித்தான் விடுவித்தார்கள்.

கடைசியாக உள்ளே நுழைவது. கதவைத் திறப்பதற்கு முன் இரண்டு பக்கமும் அழுத்தம் சமமா என்று பாருங்கள். நுழைந்ததும் காற்றாடியும் காற்றுக் குழாயும் முக்கியம், ஏனென்றால் எடையற்ற இடத்தில் சூடான காற்று மேலே போகாது, நீங்கள் விட்ட மூச்சு உங்கள் முகத்தைச் சுற்றியே தேங்கி நிற்கும். டிசம்பர் 10 அன்று கபானாவும் ரஷ்யாவின் செர்கெய் கிரிகாலெவும் ஒருவரை ஒருவர் முந்தாமல் தோளோடு தோளாக யூனிட்டிக்குள் போனார்கள். யார் முதலில் என்ற கேள்வியே எழவில்லை.

வேலை முடிந்ததும் விளக்குகளை அணைத்து, கதவுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு பின்வாங்குங்கள். பைலட் ஃபிரெடரிக் ஸ்டர்காவ் 13ஆம் தேதி ஷட்டிலை மெதுவாகப் பிரித்து வெளியே எடுத்தார். 2000 நவம்பர் 2 அன்று அங்கேயே தங்கப்போன முதல் மூவரில் ஒருவராக கிரிகாலெவ் மறுபடி வந்தார்.