உருவாக்கத்தில் இருக்கும் மென்பொருளைப் பொதியாக்கும் முன்

கட்டற்ற மென்பொருளைப் பொதியாக்க (மற்றவர்கள் எளிதாக நிறுவும்படி ஒரே கட்டாகத் தயாரிக்க) கற்றுக்கொள்ளும் பலருக்கும் சீக்கிரமே ஓர் ஆசை வரும்: கிட்டில் (உருவாக்குநர்கள் நிரலின் மாற்றங்களைச் சேமித்துவரும் இடத்தில்) இன்று இருப்பதை அப்படியே எடுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டால் என்ன? புதிய வசதிகள் எல்லாம் அங்கேதானே இருக்கின்றன? உங்கள் கணினியில் மட்டும் ஓட்டிப் பார்ப்பதென்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஊருக்குக் கொடுக்கும்போது கதை மாறுகிறது. நிறுவுகிறவர் பார்ப்பது ஒரு பெயரையும் ஒரு எண்ணையும்தான். உள்ளே இருப்பது பாதி வேலை என்று அவருக்கு யார் சொல்வார்கள்?

2000 செப்டம்பரில் வந்த ரெட் ஹாட் நிறுவனத்தின் ரெட் ஹாட் லினக்ஸ் 7 இயங்குதளத்தில் இருந்த கம்பைலரின் (எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருளின்) பெயர் ஜிசிசி 2.96. அப்படி ஒரு வெளியீட்டை ஜிசிசி திட்டம் வெளியிடவே இல்லை. அப்போதைய வெளியீடு 2.95.2, அடுத்த பெரிய வெளியீடான 3.0 வந்தது 2001 ஜூனில். நடுவில் இருந்த உருவாக்கப் பிரதியை எடுத்துத் திருத்தி ரெட் ஹாட்டினர் பொதியாக்கியிருந்தார்கள். 2.96 தங்கள் அதிகாரபூர்வ வெளியீடு அல்ல, அது உருவாக்கும் ஆப்ஜெக்ட் கோப்புகள் (கம்பைலர் மாற்றித் தரும் துண்டுகள்) 2.95.2-உடனும் பொருந்தாது, வரப்போகும் 3.0-உடனும் பொருந்தாது என்று அக்டோபரில் ஜிசிசி வழிநடத்தும் குழுவே அறிவிக்க வேண்டியதாயிற்று. இயங்குதளத்தின் மையமான கெர்னலைக் கட்ட கேஜிசிசி என்ற பழைய கம்பைலரை ரெட் ஹாட்டினர் தனியாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். எம்பிளேயர் என்ற வீடியோ இயக்கித் திட்டமோ 2.96-ஐக் கண்டாலே கட்ட மறுத்தது. சி++ நிரல்மொழியின் தரத்துக்கு நெருக்கமான கம்பைலர் வேண்டும் என்ற ரெட் ஹாட்டின் காரணம் நியாயமானதுதான். பின்னர் வந்த திருத்தங்களில் 2.96 நன்றாகவே தேறியது. ஆனாலும், தாங்கள் வெளியிடாத ஒன்றுக்கு ஜிசிசி உருவாக்குநர்கள் பதில் சொல்ல நேர்ந்ததை என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: எதற்காக என்று எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் விடை ஒரே ஒரு வழுத் திருத்தமாக இருக்கும். அப்படியானால் அந்தத் திருத்தத்தை மட்டும் பேட்சாக (மாறிய வரிகள் மட்டும் உள்ள கோப்பாக) எடுத்து, நிலையான வெளியீட்டின் மேல் போடுங்கள். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

படி 2: மூல உருவாக்குநர்களிடம் கேளுங்கள். "அடுத்த வெளியீடு எப்போது? இப்போதைய நிலையைப் பொதியாக்கலாமா?" இரண்டு வரி போதும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

படி 3: எண்ணைச் சரியாக வையுங்கள். புதியவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. 2.0-இன் பீட்டாவை '2.0பீட்டா1' என்று எண்ணிட்டால், டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல் அதை 2.0-ஐவிடப் புதியதாகவே எண்ணும். உண்மையான 2.0 வந்தாலும் பயனர் பீட்டாவிலேயே மாட்டிக்கொள்வார். '2.0~பீட்டா1' என்று அலைக்குறி போட்டால் அது 2.0-க்குக் கீழே வரிசைப்படும். ரெட் ஹாட் வழியில் வந்த பொதி முறையான ஆர்பிஎம்மும் இந்தக் குறியை ஏற்கிறது.

கிட்டிலிருந்து எடுத்த பிரதி என்றால், கடைசி வெளியீடு 1.4 என்று வைத்துக்கொண்டு, '1.4+கிட்20240315' என எழுதுங்கள். இது 1.4-க்கு மேலே, 1.4.1-க்குக் கீழே நிற்கும். '2.0~கிட்' என்று முந்திக்கொண்டால், அவர்கள் 1.5 வெளியிடும்போது உங்கள் பொதி குறுக்கே நிற்கும். தேதி கட்டாயம் வேண்டும். கமிட்டின் ஹாஷ் (கிட்டில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தரப்படும் அடையாளக் குறி) கால வரிசைப்படி வராது. தப்பாக எண்ணிட்டுவிட்டால் மீள்வதற்கு '1:2.0' என்பதுபோல முன்னால் ஈபாக் எண் (மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக ஒப்பிடப்படும் எண்) போடலாம். ஆனால் ஒருமுறை போட்டால் அந்தப் பொதி உள்ளவரை அதைத் திரும்ப எடுக்க முடியாது.

படி 4: திரும்பி வரும் பாதையைச் சோதியுங்கள். நிலையான பதிப்பில் ஒரு கோப்பை உருவாக்குங்கள். புதியதில் திறந்து சேமியுங்கள். அப்புறம் பழையதை மறுபடி நிறுவி அதே கோப்பைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் உங்கள் பொதி பயனரின் தரவை ஒருவழிப் பாதையில் அனுப்புகிறது. என்னைக் கேட்டால், அந்த நிலையில் பொதியை வெளியிடவே கூடாது.

வேறு நிரல்கள் பயன்படுத்தும் பகிர்நூலகம் (லைப்ரரி) என்றால் ஆபத்து இன்னும் அதிகம். உருவாக்கத்தின் நடுவில் செயற்கூறுகள் வரும், போகும். பகிர்நூலகத்தின் சோநேம் எண் (எந்த நிரல்களுடன் பொருந்தும் என்று காட்டும் எண்) மட்டும் மாறாமல் இருக்கும். இன்று அதை நம்பிக் கட்டிய வேறு பொதிகள் அடுத்த மாதம் காரணம் தெரியாமல் விழும்.

படி 5: தனி இடத்தில் வையுங்கள். டெபியனில் எக்ஸ்பெரிமென்டல் என்ற பகுதி இதற்கென்றே இருக்கிறது. பயனர் கேட்டு வாங்கினால் ஒழிய அங்கிருந்து எதுவும் தானாக நிறுவப்படாது. பெயரையும் பிரித்துவிட்டால் இன்னும் நல்லது. டெபியனின் ஜிசிசி-ஸ்னாப்ஷாட் பொதியைப் பாருங்கள்: அதுவும் உருவாக்கப் பிரதிதான், ஆனால் பெயரிலேயே அதைச் சொல்லிவிட்டு, தனக்கென ஒரு அடைவில் அமர்கிறது. வழக்கமான ஜிசிசியைத் தொடுவதில்லை.

படி 6: வழு அறிக்கைகள் உங்களிடம் வரட்டும். பொதி விவரத்தின் முதல் வரியிலேயே இது உருவாக்கப் பிரதி என்று எழுதுங்கள். நிரல் காட்டும் பதிப்பு எண்ணிலும் உங்கள் பொதியின் பெயர் தெரியட்டும். வரும் புகார்களில், நிலையான வெளியீட்டிலோ இன்றைய கிட்டிலோ நீங்களே மறுபடி உண்டாக்கிப் பார்த்தவற்றை மட்டும் மூலத் திட்டத்துக்கு அனுப்புங்கள்.

அதிகாரபூர்வ வெளியீடு வந்த அன்றே உங்கள் பிரதியை எடுத்துவிட்டு அதை ஏற்றுங்கள். ஏற்றுமுன், டெபியனின் பொதிக் கருவியான டிபிகேஜியின் பதிப்பு ஒப்பீட்டுக் கட்டளையில் இரண்டு எண்களையும் கொடுத்து, புதியதுதான் மேலே வருகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.