மாதவிடாய் தள்ளிப்போகிறதா? காலைத் தட்டிலிருந்து தொடங்கும் முறை

மாதவிடாய் தள்ளிப்போவதற்குப் பிசிஓஎஸ் (ஆண் ஹார்மோன் மிகுந்து, சினைப்பையில் கருமுட்டை சரியாக முதிராத கோளாறு) காரணமாக இருந்தால் மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்வார்கள். அப்படிச் சொன்னதும் அரிசியை அடியோடு நிறுத்துபவர்கள் பத்தே நாளில் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆகவே, காரணத்தை முதலில் பார்ப்போம்.

தவிடு நீக்கிப் பட்டை தீட்டிய அரிசி, மைதா, சர்க்கரை ஆகியவை விரைவாகக் குளுக்கோஸாக மாறுவதால், கணையம் இன்சுலினை மிகுதியாகச் சுரக்கிறது. அந்த இன்சுலின், பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எல்.எச். ஹார்மோனுடன் சேர்ந்து, சினைப்பையை டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண்ட்ரோஜன்களை (ஆண் ஹார்மோன்களை) கூடுதலாக உண்டாக்கத் தூண்டுகிறது. போதாததற்கு, டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைத்திருக்கும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்தின் உற்பத்தியையும் கல்லீரலில் குறைத்துவிடுகிறது. இப்படி டெஸ்டோஸ்டிரோன் மிகுவதால் கருமுட்டைகள் முதிராமல் பாதியில் நின்றுபோகின்றன; மாதவிடாயும் தள்ளிப்போகிறது. ஸ்கேன் பார்த்துவிட்டு 'நீர்க்கட்டி' என்கிறார்களே, அவை பெரும்பாலும் இப்படி நின்றுபோன கருமுட்டைப் பைகள்தாம். எல்லாருக்கும் இது நேர்வதில்லை. பிசிஓஎஸ் வரும் மரபுச் சாய்வு உள்ளவர்களுக்கே உணவு நிலைமையை மோசமாக்குகிறது.

படி 1: ஒரு குறிப்பேட்டில் மாதவிடாய் தொடங்கும் தேதிகளை எழுதி வாருங்கள். 21 முதல் 35 நாள் வரையிலான இடைவெளி இயல்பானது. 90 நாளாகியும் வராவிட்டால் உணவு மாற்றத்தை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

படி 2: கர்ப்பம், தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கச் செய்யும் ஹார்மோன்) ஆகியவற்றுக்கான பரிசோதனைகளுடன் சர்க்கரை அளவையும் மருத்துவர் ஆலோசனைப்படி பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் அவரிடம் கேட்காமல் உணவின் அளவை மாற்றக்கூடாது.

படி 3: காலை உணவை மட்டும் முதலில் மாற்றுங்கள். நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் இருந்த தட்டில் இரண்டு இட்லி, காய்கறி நிறைந்த சாம்பார் ஒரு கிண்ணம், அவித்த முட்டை அல்லது ஒரு கைப்பிடி சுண்டல் என்று வையுங்கள். சுண்டலையும் காயையும் முதலில் உண்டு, இட்லியைக் கடைசியில் எடுத்தால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். காப்பிச் சர்க்கரையைப் பாதியாக்குங்கள். கேழ்வரகு நல்லதுதானே என்று நைசாக அரைத்த மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள், ஏனெனில் அதுவும் விரைவாகவே சர்க்கரையை ஏற்றும். முருங்கைக்கீரையும் பருப்பும் சேர்த்து அடையாகச் சுடுவது மேல். இரவில் சோற்றுக்குப் பதிலாக நான்கு சப்பாத்தியை உருளைக்கிழங்குக் குருமாவுடன் உண்பதாலும் பெரிய வேறுபாடு வந்துவிடாது என்பது என் கருத்து.

படி 4: மூன்று மாதம் பொறுத்திருங்கள். சிறு பருவத்திலிருக்கும் கருமுட்டைப் பை வளர்ந்து முட்டையை வெளியிட ஏறத்தாழ 85 நாள் ஆகும். இன்று மாற்றும் உணவின் பயன் அடுத்த மாதத் தேதியிலேயே தெரிந்துவிடாது. சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் கடந்த இரண்டு மூன்று மாத நிலையையே சொல்வதால், அதைத் திரும்பச் செய்யவும் இதுவே ஏற்ற காலம்.