புகைப்பழக்கத்தை விடத் தொடங்குமுன்

வியட்நாம் போரின்போது ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கப் படைவீரர்கள் தாயகம் திரும்பிய பின் என்ன ஆனார்கள் என்பதை 1970களில் அமெரிக்க ஆய்வாளர் லீ ராபின்ஸ் ஆராய்ந்தபோது, அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மீண்டும் அடிமையாகவில்லை என்பது தெரியவந்தது. அத்தனை பேருக்கும் திடீரென்று மனஉறுதி வந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. போதையோடு பிணைந்திருந்த இடமும் சூழலும் மாறியதே பெரிய காரணம் என்று பலர் கருதுகின்றனர். புகைபிடிப்பவருக்கோ ஊர் மாறுவதில்லை. அதே டீக்கடை, அதே நண்பர்கள், சாப்பிட்டு முடித்ததும் அதே பரபரப்பு. ஆகவே இருக்கிற சூழலையே துண்டு துண்டாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதல் ஒரு வாரம் எதையும் நிறுத்த வேண்டாம். ஒவ்வொரு சிகரெட்டையும் பற்றவைக்கும் முன், நேரம், இடம், உடனிருந்தவர், மனநிலை ஆகியவற்றை ஒரு துண்டுத்தாளில் குறித்து வாருங்கள். வார முடிவில் பார்த்தால், மூன்று நான்கு தருணங்களே திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம்.

அடுத்து, அந்தத் தருணம் ஒவ்வொன்றுக்கும் 'இது நேர்ந்தால் இதைச் செய்வேன்' என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த முறை இது. 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் இலக்கைவிட இத்தகைய திட்டம் செயலுக்குக் கணிசமாக உதவுவதைக் கண்டனர். 'இனிப் புகைக்க மாட்டேன்' என்பது திட்டமாகாது. 'டீக்கடையில் யாரேனும் சிகரெட்டை நீட்டினால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு டம்ளருடன் வெளியே வந்து நிற்பேன்' என்பதே திட்டம்.

பிறகு ஒரு நாளைக் குறித்து, அன்றே முழுமையாக நிறுத்துங்கள். படிப்படியாகக் குறைப்பதே எளிது என்று பலரும் நம்புகிறோம். ஆனால் இங்கிலாந்தில் 697 பேரிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், நான்காம் வாரத்தில் புகையின்றி இருந்தவர்கள் ஒரேயடியாக நிறுத்தியோருள் 49 விழுக்காடும், குறைத்து நிறுத்தியோருள் 39 விழுக்காடும் ஆவர். இரு சாராருக்கும் நிகோடின் மாற்று மருந்து (சிகரெட் இல்லாமலே நிகோடினைத் தந்து வேட்கையைத் தணிக்கும் சூயிங்கம் போன்றவை) தரப்பட்டிருந்தது என்பதையும் மறக்கலாகாது. நிகோடின் சூயிங்கத்தைச் சாதாரண மிட்டாய்போல் மெல்லக்கூடாது. காரம் தெரியும்வரை மென்று, பின் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கிவைக்க வேண்டும். மெல்லத் தொடங்குமுன் கால் மணி நேரம் காபி, பழச்சாறு ஆகாது.

வேட்கை எழும்போது அதனுடன் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. போதைப்பழக்கங்களை ஆராய்ந்த உளவியலாளர் ஆலன் மார்லட் அதை அலைக்கு ஒப்பிட்டார்: எழும், உச்சம் தொடும், தானே வடியும். உடம்பில் எங்கே உணர்கிறீர்கள் என்று கவனித்தபடி சில நிமிடங்கள் கடத்துங்கள்.

என்றேனும் ஒன்றைப் பிடித்துவிட்டால், 'எல்லாம் போயிற்று' என்ற எண்ணமே அந்த ஒரு சிகரெட்டைவிட ஆபத்தானது என்பதும் மார்லட்டின் கண்டறிதல். எந்தத் தருணத்துக்கு வாக்கியம் எழுதவில்லை என்று பார்த்து, அன்றே எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: நாள்தோறும் அதிகம் மது அருந்துபவர் மருத்துவர் துணையின்றி ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும், மேலே சொன்ன 'அன்றே நிறுத்துங்கள்' என்பது மதுவுக்குப் பொருந்தாது.